கண்கள் எதையும் சொல்வதில்லை

ஒரு மனிதர் எதில் உயிரை வைத்திருக்கிறார் என்பதைப் படத்தில் கொண்டுவர வேண்டுமானால், அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். முகத்தை நெருங்க வேண்டும். கண்ணைப் பிடிக்க வேண்டும். கையில் எதையும் கொடுக்கக் கூடாது. புகைப்பட வகுப்புகளில் இதுதான் பாலபாடம். போட்டிகளில் இதுதான் அளவுகோல். கல்யாண வீட்டுக்காரர்களிடம் 'கேண்டிட்' என்று தனி ரேட் சொல்லி விற்கப்படுவதும் இதுதான். தனக்குப் பிடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, கேமராவை நேராகப் பார்க்கும் படத்துக்குக் கிடைப்பதோ 'ஸ்டுடியோ போஸ்' என்ற இளக்காரம்.

இந்தக் கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்வோம். கேமராவைக் கண்டதும் மனிதர் மாறிவிடுகிறார். வயிற்றை எக்குகிறார், சட்டையை இழுத்துவிடுகிறார், எங்கோ பார்த்த நடிகரின் பாதிச் சிரிப்பை வரவழைத்துக்கொள்கிறார். பொருளைக் கொடுத்தாலோ இன்னும் மோசம். டாக்டர் என்றால் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். எழுத்தாளர் என்றால் பின்னால் புத்தக அலமாரி, முன்னால் தாடையில் ஊன்றிய கை. பாடகி என்றால் தோளில் சாய்ந்த தம்பூரா. இவை ஆளைக் காட்டுவதில்லை, பதவியைக் காட்டுகின்றன. ஆகவே பொருளை அகற்று, போஸைக் கலை, காத்திரு, முகமூடி நழுவும் நொடியில் அழுத்து என்கிறார்கள்.

சொன்ன குறையெல்லாம் சரி. அதிலிருந்து எடுத்த முடிவு ஒவ்வொன்றும் தப்பு.

1. அறியாமல் எடுத்தால் உண்மை வந்துவிடும் என்பவர்கள் வாக்கர் எவன்ஸின் சுரங்க ரயில் படங்களை ஒருமுறை வரிசையாகப் பார்க்கட்டும். 1938 முதல் 1941 வரை நியூயார்க்கில், கோட்டுக்குள் கான்டாக்ஸ் கேமராவை மறைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸை மட்டும் எட்டிப்பார்க்கவிட்டு, எதிர் இருக்கைக்காரர்களை எடுத்தார். 'மெனி ஆர் கால்ட்' என்று அவை புத்தகமாக வர 1966 ஆயிற்று. இதைவிடச் சுத்தமான 'அறியாமல்' இருக்க முடியாது. மகத்தான படங்கள்தான். ஆனால் அவற்றில் தெரிவது என்ன? களைப்பு. சலிப்பு. இறங்குமிடம் இன்னும் வரவில்லையே என்ற வெறுமை. அந்தத் தொப்பிக்காரர் ராத்திரி வீட்டுக்குப் போய்க் கடிகாரம் பிரித்துப் பூட்டுகிறவரா, பக்கத்து அம்மாள் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுகிறவரா என்று தெரியவே வழியில்லை. காவல் தளர்ந்த முகம் ஒன்று. ஒரு காரியத்தில் தோய்ந்த முகம் வேறொன்று. முன்னதைப் பிடித்துவிட்டுப் பின்னது கிடைத்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிறார்கள்.

சரி, முகமூடி நழுவும் அந்த நொடியைத் தேர்ந்தெடுத்தது யார்? டயேன் ஆர்பஸ் 1962இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், கையில் பொம்மைக் கையெறி குண்டு வைத்திருந்த ஒரு சிறுவனை எடுத்தார். மெலிந்த கால்கள், விறைத்துக் கோணிய விரல்கள், இறுகிய வாய். பார்த்தவர்கள் ஒரு தேசத்தின் வெறியையே அதில் படித்தார்கள். அன்றைக்கு எடுத்த மற்ற பிரேம்களும் வெளியாகியிருக்கின்றன. அவற்றில் இருப்பது எல்லா வீட்டிலும் இருக்கிற, சிரித்து விளையாட்டுக் காட்டுகிற பையன். ஆர்பஸ் ஒளிந்திருந்து எடுக்கவில்லை, அது வேறு விஷயம். முகமூடி நழுவிய நொடி என்று நாம் கொண்டாடுவது பல சமயம் புகைப்படக்காரர் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிய நொடிதான் என்பதற்கு அந்த வரிசை போதும்.

கல்யாண 'கேண்டிட்' பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. "கேமராவைப் பார்க்காதீங்க மேடம், அவரைப் பார்த்து லேசா சிரிங்க, இன்னொரு தடவை நடந்து வாங்க" என்று சொல்லி எடுப்பதற்குப் பெயர் என்னவென்று மண்டபத்துச் சமையல்காரருக்கே தெரியும்.

2. கண்கள் பேசுமாம். என்ன பேசின என்று சர்ச்சிலைக் கேட்போம். 1941 டிசம்பர் 30 அன்று கனடா நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வெளியே வந்தவரை ஒட்டாவாவில் யூசுப் கார்ஷ் படமெடுத்தார். வாயில் சுருட்டு. எடுக்கச் சொல்லியும் அவர் எடுக்கவில்லை. கார்ஷ் நேரே போய், மன்னிப்புக் கேட்டபடியே சுருட்டைப் பிடுங்கிவிட்டு வந்து அழுத்தினார். வந்த முறைப்பு, ஹிட்லருக்கு அஞ்சாத பிரிட்டனின் முகமாகிவிட்டது; பிற்பாடு ஐந்து பவுண்டு நோட்டிலும் ஏறிவிட்டது. சுருட்டுப் பறிபோன மனிதரின் கண்ணில் உலகம் போர் உறுதியைப் படித்தது. தலைப்பு தெரிந்தவர்களுக்குக் கண் எதை வேண்டுமானாலும் சொல்லும்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். ராமானுஜனின் பெயர் சொன்னதும் நம் மனதில் எழும் படம் ஒரு பாஸ்போர்ட் படம். 1930களில் வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர், ராமானுஜனின் மனைவி ஜானகியைத் தேடிப் போய் வாங்கிவந்து கணித அறிஞர் ஹார்டிக்குச் சேர்ப்பித்தது. அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் வார்த்த மார்பளவுச் சிலைகளுக்கும் அதுவே மூலம். அந்தக் கண்களில் எண்கள் ஓடுகின்றன என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பெயரை மறைத்துவிட்டு அதே படத்தை நீட்டினால், யாரோ ஒரு துறைமுகக் குமாஸ்தா என்பார்கள். அதுவும் பொய்யில்லை, சென்னைத் துறைமுகத்தில் அந்த வேலைதானே பார்த்தார்! அவருடைய பித்து தெரிந்திருக்கக்கூடிய இடம் வேறு. காகிதம் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டுப் பார்த்தவர். துணியைத் தேடும் நேரம்கூடப் பொறுக்காமல் முழங்கையாலேயே அழித்து அழித்து அந்த முழங்கையே கறுத்துப் போனவர். மடியில் சிலேட்டும், அழிக்கிற முழங்கையுமாக யாராவது ஒருவர் அவரை உட்காரவைத்து, "அசையாதீங்க" என்று அதட்டியாவது எடுத்திருந்தால், இன்று கண்களைப் பற்றி இவ்வளவு கற்பனை தேவைப்பட்டிருக்காது.

முகமே இல்லாமலும் காரியம் நடக்கும் என்று காட்டியதும் அதே கார்ஷ்தான். 1954இல் பிரான்சின் பிராட் ஊருக்கருகே ஒரு பழைய மடாலயத்தில் பாப்லோ காசல்ஸ் செல்லோ வாசிக்க, கார்ஷ் அவரை முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். வெறும் கல்சுவர், மேலே ஒரு சின்ன ஜன்னல், வழுக்கைத் தலையின் பின்புறம், தோளின் சாய்வு, நாற்காலி. இசையில் ஒருவர் கரைந்திருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தின் முன்னால் தினம் வந்து நிற்பாராம் ஒரு பெரியவர். ஏன் என்று கேட்டவரை, பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சும்மா இரு என்று அடக்கினாராம். கார்ஷ் சொன்ன கதை. கொஞ்சம் உப்புக் காரம் சேர்ந்திருக்கலாம். படம் சேராமலே நிற்கிறது.

முகத்தில் ஆன்மாவைப் பிடிப்பதாகச் சொன்ன பரம்பரைக்கு மூதாட்டி ஜூலியா மார்கரெட் கேமரன். கடைசிக் காலத்தை இலங்கையில் கழித்து 1879இல் அங்கேயே இறந்தவர். 1877இல் களுத்துறையில் இருந்த அவர் வீட்டுக்கு மேரியன் நார்த் வந்தார். தனியாக உலகம் சுற்றிச் செடிகொடிகளைத் தைல வண்ணத்தில் வரைந்த பெண்; லண்டன் கியூ தோட்டத்தில் அவர் படங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. அப்படிப்பட்டவரைக் கேமரன் என்ன செய்தார்? காஷ்மீர்க் கம்பளித் துணியைப் போர்த்தினார். தலைமுடியை அவிழ்த்துவிட்டார். முட்கள் மாதிரி குத்தும் தென்னை ஓலைகளுக்கு நடுவே உச்சிவெயிலில் நிறுத்தி, இயல்பாக இருக்கச் சொன்னார். வெப்பமானி அப்போது 96 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது என்று நார்த் தன் நினைவுக் குறிப்பில் குத்தலாக எழுதிவைத்திருக்கிறார். அந்தப் படத்தில் இருப்பது ஆன்மாவா, புழுக்கமா என்பதை நீங்களே பார்த்துச் சொல்லலாம். அதே வீட்டில் கேமரன் எடுத்த இன்னொரு படமும் உண்டு: தாழ்வாரத்தில், வரைபலகையின் முன் உட்கார்ந்து வேலை செய்கிற நார்த். இது நிச்சயம் அவர்தான். முகம் பாதிகூட முக்கியமில்லை.

அந்தப் படத்தில் நார்த் வரைந்துகொண்டிருப்பது ஒரு தமிழ்ச் சிறுவனை. அவனிடம் திரும்பி வருகிறேன்.

3. பொருள் என்பது சோம்பேறிப் புகைப்படக்காரனின் ஊன்றுகோல் என்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப்புக்கு அது பொருந்தும். அதை வைத்து எல்லாப் பொருளையும் தள்ளுபடி செய்வது என்ன நியாயம்? இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. படத்தில் உள்ள பொருளை அப்படியே இன்னொருவர் கையில் கொடுங்கள். படம் மாறாமல் இருந்தால் அது சின்னம். கெட்டுப்போனால் அது ஈடுபாடு.

வடசென்னை மொட்டைமாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பவர்களைப் பாருங்கள். புறாவின் இரண்டு கால்களும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே போய்விடும். கட்டைவிரல் மேலே வந்து இறக்கை நுனிகளை வால்மேல் அணைத்துக்கொள்ளும். நெஞ்சு அவர் உடம்போடு சாய்ந்திருக்கும். பறவை அசையாது, அவர் பிடித்திருக்கிற மாதிரியே தெரியாது. மற்றக் கையால் ஒரு இறக்கையை விசிறியாக விரித்து, எந்த இறகு விழுந்து எந்த இறகு முளைக்கிறது என்று காட்டுவார். அதே புறாவை உங்களிடமோ என்னிடமோ கொடுத்தால் இரண்டு கையாலும் அமுக்குவோம், அது படபடக்கும், படம் அத்தோடு முடிந்தது. அந்த ஒற்றைக் கையில் இருக்கிற வருஷங்களை எந்தக் கண்ணும் காட்டாது. "சார், புறாவைக் கீழே விடுங்க, உங்க முகம் மட்டும் போதும்" என்று சொல்கிற புகைப்படக்காரர் அவரிடமிருந்து எதை வாங்கிக்கொண்டு போகிறார்?

வீணைக்கும் இதே கதி. நெடுங்காலம் வாசித்தவரின் இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி அறுத்த தடம் கறுத்து நிற்கும். சாதகம் முழுக்க அங்கேதான் எழுதியிருக்கிறது. நம் ஸ்டுடியோக்கள் முதல் வேலையாக அதைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுகின்றன, முகப்பருவோடு சேர்த்து. வயலின் வித்வானை எழுந்து நிற்கச் சொல்லி, தரையில் அமர்ந்து நெஞ்சுக்கும் பாதத்துக்கும் இடையே நிறுத்தி வாசிக்கிற கருவியைத் தாடைக்கடியில் வைக்கச் சொல்லி எடுத்த படங்களும் உண்டு. இவற்றில் பொருள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. பொருளைத் தெரியாத ஆள் கேமராவைப் பிடித்திருக்கிறார்.

தெரிந்தவர்கள் பிடித்தபோது என்ன நடந்தது? ஆகஸ்ட் ஸாண்டர் 1928இல் கொலோனில் எடுத்த மிட்டாய்க் கடைச் சமையல்காரர் பாத்திரத்தில் கை வைத்தபடி நம்மை முறைக்கிறார். வேலையை நிறுத்தியதற்கு நாம்தான் விளக்கம் சொல்ல வேண்டும் போல. ஆர்னால்ட் நியூமன் 1946இல் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்தபோது சட்டகத்தின் பெரும்பகுதியைப் பியானோவின் திறந்த மூடிக்கே கொடுத்துவிட்டு இசையமைப்பாளரைக் கீழே ஒரு மூலையில் வைத்தார். கேட்டு எடுக்கச் சொன்ன 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழே அதை நிராகரித்தது. இன்று ஸ்ட்ராவின்ஸ்கி என்றால் அந்தப் படம்தான். வெள்ளைத் தாளைப் பின்னால் தொங்கவிட்டு மனிதரைத் தவிர எல்லாவற்றையும் அழித்தவர் என்று முகக் கட்சியினர் சொந்தம் கொண்டாடுகிற ரிச்சர்ட் அவெடனும் 1981இல் தேனீ வளர்ப்பவரை எடுக்கும்போது என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். தேனீ வளர்ப்போர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆளைத் தேடினார். படத்தை முன்கூட்டியே தாளில் வரைந்துகொண்டார். வெற்றுடம்பில் ராணித் தேனீயின் வாசனையைத் தடவவைத்துத் தேனீக்களை மொய்க்கவிட்டார். முழுக்க முழுக்க ஏற்பாடு. வெள்ளைத் தாளின் முன்னால் அந்த மனிதர் நிற்கிற அமைதியை மட்டும் யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது. தேனீ அவருக்கு யார் என்பது அங்கே தெரிகிறது. தேனீயை எடுத்துவிட்டால் சட்டையில்லாத ஒரு ஆள் மிஞ்சுவார்.

4. போஸ் என்றால் பொய். ஏன்? தான் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒருவர் நினைப்பது அவரைப் பற்றிய தகவல் இல்லையா?

மாலியின் பாமாகோவில் 1948இல் ஸ்டுடியோ திறந்த செய்தூ கெய்த்தாவிடமும், பின்னால் வந்த மாலிக் சிதிபேயிடமும் மக்கள் ரேடியோவோடும் ஸ்கூட்டரோடும் வந்து நின்றார்கள். சிதிபேயிடம் தன் ஆட்டைக் கூட்டிவந்து நின்றவரும் உண்டு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 2003இல் ராஜஸ்தானின் லூண்கரண்சரில் பெண்பிள்ளைகளுக்கான ஒரு மேளாவில் கௌரி கில் ஒரு படக்கடை போட்டார். உள்ளூர் ஸ்டுடியோவில் கிடைத்த திரை, கிடைத்த சாமான். எப்படி நிற்பது என்பதைப் பிள்ளைகளே முடிவுசெய்தார்கள். பாலைவன ஊர்ப் பெண்பிள்ளைகளை ஒளிந்திருந்து எடுத்திருந்தால் தண்ணீர்க் குடமும் முக்காடும்தான் வந்திருக்கும். பரிசும் வந்திருக்கும்.

நம்மூரில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர் காளையோடு படமெடுத்துக்கொள்ளும்போது கவனியுங்கள். தன் தலை கலைந்திருப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. திமில் நிமிர்ந்து தெரிகிறதா, இரண்டு கொம்பும் முழுசாக வந்ததா, காளையின் பக்கவாட்டு நீளம் கிடைக்கிறதா என்று ஐந்து முறை பார்ப்பார். மூக்கணாங்கயிற்றை இழுத்து, காளையின் தலையை ஒரு சாண் தூக்கி, "இப்ப எடுங்க தம்பி" என்பார். போஸ் காளையுடையது, பெருமை அவருடையது. இதைப் பொய் என்கிறவருக்கு மாடும் தெரியவில்லை, மனுஷனும் தெரியவில்லை.

1950–51இல் இர்விங் பென் பாரிஸ், லண்டன், நியூயார்க் தொழிலாளர்களைக் கருவிகளோடு வேலை உடையில் வரச்சொல்லி வெற்றுத் திரை முன் எடுத்தார். பாரிஸ்காரர்கள் இதில் ஏதோ சூது இருப்பதாகச் சந்தேகப்பட்டார்கள். லண்டன்காரர்கள் இதில் என்ன அதிசயம் என்று வந்து நின்றார்கள். நியூயார்க்கில் சிலர் எவ்வளவு சொல்லியும் சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமை சூட் போட்டு வந்தார்கள் என்று பென்னே சொல்லியிருக்கிறார். வேலை உடை அவர்களுடைய ஆசை இல்லை, அவ்வளவுதான். அந்தச் சூட்டுக்காரர்களிடம் எனக்குக் கூடுதல் மரியாதை உண்டு.

5. எதிர்க்கட்சியில் யாரும் உரக்கச் சொல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. நானே எடுத்துவைக்கிறேன். கையில் கருவியோடு மனிதரை நிறுத்தும் வழக்கத்தைக் காலனி அரசு நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' மனிதர்களைச் சாதி, தொழில், குலம் என்று வகை பிரித்து ஒட்டியது. கருவி அங்கே விலங்கு. அப்படியிருக்க, திரும்பவும் பொருளோடு நிறுத்து என்பது பழைய பட்டியலுக்குத் திரும்புவதாகாதா?

ஆகாது, ஒரு நிபந்தனையோடு. அங்கே கருவியைத் தேர்ந்தெடுத்தது நின்றவரல்ல. களுத்துறைத் தாழ்வாரத்தில் நின்ற அந்தத் தமிழ்ச் சிறுவனிடமும் எதனோடு நிற்க ஆசை என்று கேட்டிருக்க மாட்டார்கள். நார்த்துக்குத் தூரிகை, அவன் அவருடைய படத்துக்கு வேண்டிய பொருள். அவனுக்குப் பட்டம் விடப் பிடிக்குமா, கடலில் நீந்தப் பிடிக்குமா, யாருக்கும் தெரியாது. நியூமனின் பியானோவும் அவனுக்கு உதவாது, கேமரனின் ஆன்மாவும் உதவாது. கேள்வி ஒன்றுதான் உதவியிருக்கும்.

இன்றைக்கு இதில் என்ன மாறிவிட்டது? இதய நிபுணர் என்றால் அவர் வார இறுதியில் கிட்டார் வாசிப்பது பத்திரிகையில் அரைப்பக்கம் வருகிறது. குயவரை எடுக்கப் போகிறவர் சக்கரத்தோடு எடுக்கிறார், நெசவாளரைத் தறியோடு எடுக்கிறார். அல்லது முகக் கட்சியின் அறிவுரைப்படி சுருக்கங்களை மட்டும் கறுப்பு வெள்ளையில் நெருங்கி எடுத்து 'உழைப்பின் ரேகைகள்' என்று தலைப்பு வைக்கிறார். நெசவாளர் கேரம் போர்டில் சூரராக இருக்கலாம். குயவர் கூத்தில் வேஷம் கட்டுகிறவராக இருக்கலாம். பிழைப்புக்குச் செய்வதையே பித்தாகவும் கொள்ள வேண்டும் என்று ஏழைக்கு மட்டும் விதித்தது யார்? ஸாண்டர்மீதும் எனக்கு இந்த வழக்கு உண்டு. அந்த மிட்டாய்க்காரர் வீட்டில் என்ன செய்தார் என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. 'அறியாமல் எடு' என்ற கொள்கையின் ஆகப்பெரிய கேடு இதுதான்: அறியாமல் எடுப்பவர் கேட்கவே தேவையில்லை. கேட்காதவர் ஏற்கெனவே தனக்குத் தெரிந்ததைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள்: பையன்கள் எல்லாரும் பைக்கோடுதான் நிற்பார்கள். நிற்கட்டுமே. தவணை கட்டி முடித்து ஆர்சி புத்தகம் கைக்கு வந்தவன் நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி நிற்பான். செத்துப்போன அப்பாவின் ராஜ்தூத்தை விற்காமல் வைத்திருப்பவன் டேங்க் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பான். ஆர்எக்ஸ் 100 என்ஜினைத் தானே பிரித்துப் பூட்டியவன் பக்கத்து மூடியைக் கழற்றிவைத்துவிட்டு, "கார்புரேட்டர் தெரியுதா அண்ணா" என்று கேட்பான். மூன்றும் ஒரே படம் என்று நினைப்பவருக்கு ஒளிந்திருந்து எடுக்கும் உரிமை கொடுத்து என்ன பிரயோஜனம்? மூன்றாவது பையன் கிரீஸ் கையைக் கழுவிவிட்டுத்தான் நிற்பேன் என்றால் கழுவட்டும், தடுக்காதீர்கள். நகக்கண்ணில் இருப்பது எந்தச் சோப்புக்கும் போகாது.